ஜைப் என்னும் சொல்லும் முக்கோணவியலின் தோற்றமும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சூரத்துந் நூரின் 31-ஆம் வசனத்திற்குத் தப்ஸீர் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். அவ்வசனத்தில் வரும் 'ஜுயூப்' என்பது 'ஜைப்' என்பதன் பன்மை. ஆடையின் கழுத்துத் திறப்பு, அதனால் மறைக்கப்படும் மார்புப் பகுதி என்பன அதன் பொருள் என்று விளக்கினோம். மூஸா (அலை) அவர்கள் தமது கரத்தை நுழைக்குமாறு பணிக்கப்பட்டதும் ஜைபிற்குள்தான் என்று சூரத்துந் நம்லையும் சூரத்துல் கஸஸையும் எடுத்துக்காட்டினோம். அப்போது மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், எகிப்து நாட்டுக் கணிதப் பாடநூல் ஒன்றைப் பார்த்தேன். அதில் முக்கோணக் கணக்குகளில் ஜைப், ஜைப் என்றே வருகிறது. சட்டைத் திறப்புக்கும் முக்கோணத்துக்கும் என்ன தொடர்பு?" என்று வினவினார்.

நம்மிடம் விடை இல்லை. அகராதியைப் பார்த்துச் சொல்வதாகக் கூறினோம். அகராதி, 'கணிதக் கலைச்சொல்' என்பதோடு நின்றுவிட்டது. மாணவரின் வினா மட்டும் நம் உள்ளத்தில் தங்கிவிட்டது. அதன் விடையைத் தேடிச் சென்றபோது கண்டவற்றையே இங்கே வாசகர் முன் வைக்கிறோம்.

பெயரும் பொருளும்

தமிழகப் பாடநூல்கள் 'முக்கோணவியல்' என்றும், இலங்கைப் பாடநூல்கள் 'திரிகோண கணிதம்' என்றும் வழங்கும் இக்கலையின் ஐரோப்பியப் பெயர் 'டிரிகோனோமெட்ரி' என்பதாகும். முக்கோணம், அளவை என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. பெயர் கிரேக்கமாயினும் அது கிரேக்கர் இட்ட பெயரன்று. ஜெர்மானிய அறிஞர் பார்த்தலோமியஸ் பிட்டிஸ்கஸ் 1595-இல் வெளியிட்ட நூலின் தலைப்பாகவே அது முதன்முதலில் உருப்பெற்றது. அரபியர் இன்று இதனை 'இல்முல் முஸல்லஸாத்' என்கின்றனர்.

பெயர் பிறப்பதற்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கலை பிறந்துவிட்டது. அது பிறந்த இடம் முக்கோணமன்று, வட்டமாகும். நிலத்தை அளப்பவர்களைக் காட்டிலும் வானத்தை அளந்தவர்களுக்கே இக்கலை முதலில் தேவைப்பட்டது. ஒரு கோள் வானில் இத்தனை பாகை நகர்ந்தது என்று கண் காட்டும். அதிலிருந்து தொலைவையும் திசையையும் காலத்தையும் பெறவேண்டுமாயின், கோணத்தை நீளமாக மாற்றும் வழி ஒன்று வேண்டும். அந்த வழியே முக்கோணவியல்.

நாணிலிருந்து அரைநாணுக்கு

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வானியலாளர் ஹிப்பார்கஸ், வட்டத்தின் விற்களுக்குரிய நாண்களின் நீளத்தை அட்டவணையாக்கினார் என அறிகிறோம். அவருடைய அட்டவணை நமக்குக் கிட்டவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த தாலமியின் பெருநூலில் அரைப்பாகை இடைவெளியில் அமைந்த நாண் அட்டவணை முழுமையாக உள்ளது. அந்நூலை உலகம் இன்றும் 'அல்மஜஸ்தி' என்ற அரபுப் பெயரின் திரிபாலேயே அறிகிறது.

நாணைக் கொண்டு கணக்கிடுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. செங்கோண முக்கோணத்தில் ஒரு கோணத்திற்கு எதிர்ப்பக்கத்தைக் காணவேண்டுமாயின், அக்கோணத்தை இரட்டித்து, அதற்குரிய நாணை அட்டவணையில் பார்த்து, பின்னர் அதனைப் பாதியாக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் இரட்டிப்பதும் பாதியாக்குவதும் தொடரும். முழு நாணை விட்டு அரை நாணையே அட்டவணையாக்கினால் என்ன என்று எண்ணியவர்கள் இந்தியர். எளிமையாகத் தோன்றும் இந்த மாற்றமே இன்றைய 'சைன்' என்பதன் பிறப்பு.

கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தில் அரை நாண்களுக்குரிய 24 மதிப்புகள் காணப்படுகின்றன. வட்டத்தின் சுற்றளவு 360 பாகை, அதாவது 21,600 கலைகள். அத்தகைய வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 3,438 கலைகள். ஆரியபட்டர் அந்த ஆரத்தையே கொண்டு, 225 கலைகளுக்கு ஒரு மதிப்பாகக் கணித்தார். வில்லின் நாணுக்கு வடமொழியில் 'ஜ்யா' அல்லது 'ஜீவா' என்று பெயர். அரை நாண் 'அர்த ஜ்யா' எனப்பட்டது. நாளடைவில் 'அர்த' நழுவி, 'ஜ்யா' என்பதே அரை நாணையும் குறிக்கலாயிற்று.

வட்டத்தைக் கண்ட மனித மனம் எங்கும் வில்லையே நினைத்திருக்கிறது என்பது வியப்பிற்குரியது. அரபியர் வட்டத்தின் பகுதியைக் 'கவ்ஸ்' என்றனர். வில் என்று பொருள். நாணை 'வதர்' என்றும், வில்லுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட உயரத்தை அம்பு என்னும் பொருளில் 'ஸஹ்ம்' என்றும் வழங்கினர். நம் பிள்ளைகள் இன்று வடிவியல் பாடத்தில் படிப்பதும் 'வில்', 'நாண்' என்னும் சொற்களையே.

பக்தாதில் ஒரு சொல்

கலீஃபா அல்மன்ஸூர் (ஆட்சி: ஹி. 136-158/ கி.பி. 754-775) பக்தாதை நிறுவியது 762-இல். அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 770-களில், இந்தியாவிலிருந்து வந்த தூதுக்குழுவில் வானியல் அறிந்த ஒருவர் இருந்தார். அவர் கொணர்ந்த சித்தாந்த நூலை ஆதாரமாகக் கொண்டு அல்ஃபஸாரி முதலியோர் 'ஸிந்துஹிந்து' எனப்படும் வானியல் அட்டவணைகளை அரபியில் உருவாக்கினர். அல்குவாரிஸ்மியின் வானியல் அட்டவணையும் அவ்வழியில் எழுந்ததே. கிரேக்க நாணுக்கு முன்பாகவே இந்திய அரை நாண் பக்தாதுக்குள் வந்துவிட்டது எனலாம். தாலமியின் நூலை அல்ஹஜ்ஜாஜ் இப்னு மதர் அரபியாக்கியது கலீஃபா அல்மஃமூனின் காலத்தில்தான்.

'ஜீவா' என்ற சொல்லை அரபியர் மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்தனர். அரபியில் வகர ஒலிக்குப் பதிலாகப் 'பா' என்னும் எழுத்தை இட்டு 'ஜீபா' ஆக்கினர். ஜீம், யா, பா என்பனவே எழுத்தில் எஞ்சின. அரபி எழுத்தில் குறில் உயிர்க்குறிகள் இடப்படுவதில்லை என்பதை அறிவோம். 'ஜீபா' என்று ஒரு சொல் அரபியில் இல்லை. ஆனால் இதே மூன்றெழுத்தில் 'ஜைப்' என்னும் நன்கறிந்த சொல் உண்டு. படிப்பவர் நாவு பழகிய சொல்லையே நாடியது. வில்லின் நாண் சட்டையின் திறப்பாக மாறியது.

ஹதீஸ் கலை பயின்ற நம் மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. எழுத்தின் புள்ளி மாறிச் சொல் பிறழ்வதைத் 'தஸ்ஹீஃப்' என்றும், எழுத்து நிலைத்து அதன் ஹரகத் முதலிய அமைப்பு மாறிப் பிறழ்வதைத் 'தஹ்ரீஃப்' என்றும் இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் பிரித்துக் காட்டியுள்ளார்கள். ஜைப் என்பது அவ்வகையில் ஒரு தஹ்ரீஃப். தஸ்ஹீஃபுக்கும் இதே துறையில் சான்று உண்டு. இந்திய வானியலாளர் தமது தீர்க்கரேகையைத் தொடங்கிய உஜ்ஜயினி நகரம் அரபியில் 'உஸைன்' என்றாகி, 'ஸாய்' எழுத்தின் புள்ளி விடுபட்டு 'அரீன்' என்றாயிற்று. அப்பெயரில் ஓர் ஊர் உலகின் நடுவில் இருப்பதாக ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர்.

நிழலின் கணக்கு

அரை நாண் இந்தியக் கொடை. 'டேன்ஜென்ட்' என இன்று வழங்கும் அளவையை அட்டவணையாக்கி, சைனுக்கு இணையான இடத்தை அதற்கு வழங்கியவர்கள் முஸ்லிம் அறிஞர்களே. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ழில்'. நிழல் என்று பொருள்.

தரையில் நட்ட கோலின் நிழல் 'ழில் மப்ஸூத்', அதாவது விரிந்த நிழல். அதுவே இன்றைய கோடேன்ஜென்ட். சுவரில் கிடையாகப் பொருத்திய கோலின் நிழல் கீழ்நோக்கி விழும், அது 'ழில் மஅகூஸ்', அதாவது தலைகீழ் நிழல், அதுவே டேன்ஜென்ட். கோலைப் பன்னிரண்டு விரல்களாகப் பகுத்து நிழலை அளப்பது வழக்கம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஹபஷ் அல்ஹாஸிப் நிழல் அட்டவணை அமைத்தார். பின்னர் அல்பீரூனி நிழல்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார்.

நிழலின்மேல் இத்தனை கருத்து ஏன்? அஸர் தொழுகையின் நேரம் நிழலால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. உச்சிவேளை நிழலை நீக்கி, பொருளின் நிழல் அதன் உயரத்திற்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபு உள்ளிட்ட பெரும்பான்மையோர் நிலை. இருமடங்காகும்போது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கூற்று. இவ்விரு மத்ஹபினரும் அருகருகே வாழும் தமிழகத்தில் இவ்வேறுபாட்டை நாம் நாள்தோறும் காண்கிறோம். கணிதத்தில் இதனைக் கூறினால், சூரியன் சரியாகத் தலைக்குமேல் வந்து சாயும் நாளில், அது அடிவானிலிருந்து 45 பாகை உயரத்திற்கு இறங்கும்போது முதற்கூற்றின்படி அஸர் தொடங்கும். ஏறத்தாழ இருபத்தாறரைப் பாகைக்கு இறங்கும்போது இரண்டாம் கூற்றின்படி தொடங்கும். சென்னையில் அத்தகைய நாளில் இரண்டிற்கும் இடைவெளி ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையின் ஒவ்வோர் எண்ணும் இவ்வாறு ஒரு முக்கோணத்தின் விடையே ஆகும்.

தேவையற்றதாக்கிய தேற்றம்

வானம் தட்டையன்று, எனவே வானியலாளருக்குக் கோள வடிவில் வரையப்பட்ட முக்கோணங்களும் வேண்டியிருந்தன. கிரேக்கரிடம் இதற்கிருந்தது மெனலாஸின் தேற்றம். அதில் ஆறு விற்கள் சிக்கலாகப் பிணைந்திருக்கும். ஐந்தை அறிந்தாலே ஆறாவதை அறியமுடியும். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு எளிய மாற்று கண்டறியப்பட்டது. முக்கோணத்தின் பக்கங்களின் சைன்கள் அவற்றின் எதிர்க்கோணங்களின் சைன்களோடு ஒரே விகிதத்தில் இருக்கும் என்பதே அது. இதனைச் 'அஷ்ஷக்லுல் முக்னீ' என்றனர். இப்னு ஹிஷாமின் 'முக்னில் லபீப்' நூலால் நஹ்வு மாணவருக்கு அறிமுகமான சொல்தான் இது. தன்னைப் பெற்றவரை மற்றதன் தேவையிலிருந்து விடுவிப்பது என்று பொருள். இத்தேற்றம் மெனலாஸின் தேற்றத்தைத் தேவையற்றதாக்கியது.

இதனைக் கண்டறிந்த பெருமைக்கு மூவர் உரிமை கோரினர்: பக்தாதின் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (ஹி. 328-388/ கி.பி. 940-998), அபூ நஸ்ர் மன்ஸூர் இப்னு இராக், ரய் நகரில் பெரும் வானளவைக் கருவி அமைத்த அல்குஜந்தி. இவ்வழக்கை அல்பீரூனி தம் நூலொன்றில் பதிவு செய்துள்ளார். யார் முதலில் என்பதை அக்காலத்திலேயே ஆராய்ந்து எழுதிவைக்கும் அளவிற்கு அறிவின் உரிமையை அவர்கள் மதித்தனர். அபுல் வஃபா கால்பாகை இடைவெளியில் சைன் அட்டவணை அமைத்தவர். அவர் காலத்தில் இன்றைய ஆறு முக்கோணவியல் சார்புகளும் வழக்கிற்கு வந்துவிட்டன. அவருக்கு முந்திய அல்பத்தானி (மறைவு ஹி. 317/ கி.பி. 929) நாணைக் கைவிட்டு ஜைபைக் கொண்டே தம் வானியலை நடத்தினார். கோபர்னிகஸ் 1543-இல் வெளியான தம் நூலில் அவரைப் பெயர் சொல்லி எடுத்தாள்கிறார்.

கிப்லாவும் பூமியின் அளவும்

கிப்லாவின் திசை இக்கலைக்கு அமைந்த மிகக் கடினமான வினாக்களுள் ஒன்று. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையிலும், மக்கா ஏறத்தாழ இருபத்தொன்றரைப் பாகையிலும் உள்ளன. இரண்டிற்கும் தீர்க்கரேகை வேறுபாடு ஏறத்தாழ 40 பாகை. தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடிட்டால் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சுமார் 12 பாகை சாய்ந்திருப்பதாகத் தோன்றும். கோள முக்கோணவியலின்படி கணக்கிட்டால் அது ஏறத்தாழ 18 பாகை. ஆறு பாகை வேறுபாடு, பூமி உருண்டை என்பதால் வருவது. பொதுவாகத் திசையை நோக்குவதே போதும் என்ற ஃபிக்ஹுச் சலுகை நமக்கு உண்டு. எனினும் நம் முன்னோர் அச்சலுகையோடு நின்றுவிடவில்லை.

அல்பீரூனி (ஹி. 362-440/ கி.பி. 973-1048) கி.பி. 1025-இல் முடித்த 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்னும் நூல், கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் காணும் நோக்கில் எழுந்தது. பூமியின் அளவைக் காணும் புது வழியையும் அவர் விளக்கினார். அல்மஃமூன் அனுப்பிய அறிஞர்கள் பாலைவெளியில் வடக்கு நோக்கி நடந்து, துருவத்தின் உயரம் ஒரு பாகை மாறும்வரை தொலைவை அளந்திருந்தனர். அல்பீரூனியோ இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டைக்கருகே ஒரு மலையைத் தேர்ந்தார். சமவெளியில் இரு இடங்களில் நின்று கோணங்களை அளந்து மலையின் உயரம் ஏறத்தாழ 652 முழம் எனக் கண்டார். பின்னர் உச்சியிலேறி, அடிவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்துள்ளது என்று அளந்தார். அது 34 கலைகள். இவ்விரண்டு எண்களும் சைன் அட்டவணையுமே பூமியின் ஆரத்தைத் தந்துவிட்டன.

அவர் கண்ட அளவு இன்றைய அளவோடு இத்தனை கிலோமீட்டர் வரை ஒத்துப்போகிறது என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். அவருடைய முழத்தின் நீளம் இன்று உறுதியாகத் தெரியவில்லை. காற்று ஒளியை வளைப்பதும் அவ்வளவையைப் பாதிக்கும். ஆகவே அத்தகைய ஒப்பீடுகளைச் சற்று அடக்கத்தோடு கூறுவதே முறை. அவருடைய சிறப்பு முறையில் உள்ளது; அதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

இக்கலை பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு பதவியாகவும் நிலைபெற்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எகிப்திலும் ஷாமிலும் பெரிய பள்ளிவாசல்களில் 'முவக்கித்' எனப்படும் நேரக்கணிப்பாளர் நியமிக்கப்பட்டனர். திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் பணியாற்றிய இப்னு ஷாத்திரும் அல்கலீலியும் அவர்களுள் புகழ்பெற்றோர். பதினான்காம் நூற்றாண்டில் அல்கலீலி அமைத்த கிப்லா அட்டவணையில் ஏறத்தாழ மூவாயிரம் விடைகள் உள்ளன. அட்சரேகை 10 பாகை முதல் 56 வரையிலும், மக்காவிலிருந்து தீர்க்கரேகை வேறுபாடு 1 முதல் 60 வரையிலும் அமைந்த எவ்வூருக்கும் அது பொருந்தும். நம் சென்னையும் அந்த எல்லைக்குள் அடங்குகிறது.

தனிக்கலையாக மலர்தல்

இதுவரை முக்கோணவியல் வானியலின் பணிப்பெண்ணாகவே இருந்தது. அதனைத் தனிக்கலையாக நிறுத்தியவர் நஸீருத்தீன் அத்தூஸி (ஹி. 597-672/ கி.பி. 1201-1274). மராகா வானாய்வகத்தின் தலைவரான அவர் எழுதிய 'அஷ்ஷக்லுல் கத்தாஃ' நூல், தளமுக்கோணம், கோளமுக்கோணம் ஆகிய இரண்டையும் வானியலின் துணையின்றி முறையாக விளக்குகிறது. பின்னர் சமர்கந்தில் உலுக் பேகின் அவையில் வாழ்ந்த அல்காஷி (மறைவு ஹி. 832/ கி.பி. 1429), ஒரு பாகையின் சைனைத் தசமத்தில் பதினாறு இடங்கள்வரை சரியாகக் கணித்தார். பிரெஞ்சு நாட்டுப் பாடநூல்கள் கோசைன் விதியை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

இந்தியாவிலும் இக்கலை ஆரியபட்டரோடு நின்றுவிடவில்லை. அல்காஷியின் காலத்தை ஒட்டியே நம் அண்டை மாநிலமான கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவர், சைனை முடிவிலாத் தொடராக விரித்துக் கணிக்கும் முறையைக் கண்டார். ஐரோப்பா அதனை அடைந்தது பதினேழாம் நூற்றாண்டில்தான். மாதவரும் அல்காஷியும் ஒருவரையொருவர் அறிந்ததற்குச் சான்று ஏதுமில்லை.

இலத்தீனுக்குள் நுழைந்த சட்டைத் திறப்பு

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அரபு நூல்கள் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டன. அல்குவாரிஸ்மியின் அட்டவணையை பாத் நகர அடிலார்டும், அல்பத்தானியின் நூலைத் திவோலி நகர பிளேட்டோவும், அல்மஜஸ்தியைக் கிரிமோனா நகர ஜெரார்டும் பெயர்த்தனர். ஜைபை முதலில் பெயர்த்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. யாராயினும், அவர் அகராதியின்படியே நடந்தார். ஆடையின் மடிப்பு, மார்பு என்று பொருள்படும் 'ஸைனஸ்' என்னும் இலத்தீன் சொல்லை இட்டார். அதுவே ஆங்கிலத்தில் 'சைன்' ஆயிற்று. ரெஜியோமொன்டானஸ் 1464-இல் எழுதி, 1533-இல் அச்சான முக்கோண நூல் ஐரோப்பாவில் இக்கலையைப் பரப்பியது. அதன் கோள முக்கோணப் பகுதி ஸெவில் நகரின் ஜாபிர் இப்னு அஃப்லஹிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே கார்டானோ சுட்டிக்காட்டியுள்ளார்.

ஜைப் இன்னொரு வழியாகவும் நம்மை வந்தடைந்தது. ஆடைத் திறப்பு சட்டைப் பையாகப் பொருள் விரிந்து, பாரசீகத்திலும் உருதுவிலும் 'ஜேப்' ஆகி, தமிழில் 'ஜேப்பு' என்றாயிற்று. பள்ளி மாணவன் ஒருவன் ஜேப்பில் பேனாவைச் செருகிக்கொண்டு சைன் அட்டவணையைப் பார்க்கும்போது, ஒரே அரபுச் சொல்லை இருமுறை சுமந்து நிற்கிறான்.

நமக்குரியது எது?

எல்லாவற்றையும் முஸ்லிம்களே கண்டுபிடித்தனர் என்பாரும் நம்மிடையே உண்டு. அரபியர் கிரேக்கச் சரக்கை ஐரோப்பாவிற்குக் கைமாற்றிய கூலிகளே என்பாரும் வெளியே உண்டு. இரு கூற்றுகளையும் ஜைப் என்ற ஒரு சொல்லே மறுத்துவிடுகிறது. அதன் இஸ்னாதைப் பாருங்கள்: கருத்து இந்தியருடையது; அதனை நிழலோடு சேர்த்து, கோளத்திற்கு விரித்து, தனிக்கலையாக்கியது முஸ்லிம் அறிஞருடையது; பெயரைப் பரப்பியது இலத்தீனியருடையது. அறிவிப்பாளர் ஒருவரின் வாசிப்புப் பிழைகூட அதில் மறையாமல் பதிந்துள்ளது. இஸ்னாதில் ஒரு கண்ணியை மறைப்பது 'தத்லீஸ்' என்று மாணவருக்குப் பாடம் நடத்தும் நாம், அறிவின் வரலாற்றில் அதனையே செய்தல் தகுமா? இந்தியரிடம் கற்றதை இந்தியருடையது என்றே எழுதிய அல்பீரூனி நமக்கு நல்ல முன்மாதிரி.

இதனினும் நம்மை வருத்தும் வினா ஒன்றுண்டு. தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் அத்தூஸி திருத்தியமைத்த யூக்ளிட் வடிவியலும், 'ஷரஹு சக்மீனீ', 'தஷ்ரீஹுல் அஃப்லாக்' ஆகிய வானியல் நூல்களும் இடம்பெற்றிருந்தன. அவை நம் மதரஸாக்களில் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன. மாணவப் பருவத்தில் அவற்றின் பெயரை மட்டுமே நாமும் கேட்டோம். நூல்கள் பழமையானவை, அவற்றின் வானியல் காலாவதியானது என்பது உண்மையே. ஆயின் பழைய நூலுக்குப் பதிலாகப் புதிய நூலை வைக்காமல் இடத்தையே காலியாக விட்டுவிட்டோம். இன்று கிப்லாவைக் கைபேசி காட்டுகிறது. அஸரை அச்சிட்ட அட்டை சொல்கிறது. அவை சொல்வது சரியா என்று சோதிக்கத் தெரிந்த ஆலிம்கள் எத்தனை பேர்? இரு பள்ளிவாசல்களின் அட்டவணைகளுக்கிடையே வேறுபாடு எழுந்து, மக்கள் நம்மிடம் வரும்போது, காரணத்தை விளக்க முடியாமல் நிற்பவர்களுள் நாமும் ஒருவராயிருந்தோம்.

அந்த மாணவர் இப்போது வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகிறார். அவருடைய வினாவிற்கு விடை கிடைத்ததும் தொலைபேசியில் கூறினோம். அவர் மகிழ்ந்தார்; உடனே, "ஹஜ்ரத், அஸர் நேரத்தை நானே கணக்கிட இதைக் கற்றுத் தருவீர்களா?" என்று கேட்டார். கற்றுத் தருமளவிற்கு நாம் இன்னும் கற்கவில்லை. எனவே ஐம்பது வயதைக் கடந்த பின்னர், பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலை வாங்கி, முக்கோணவியல் அத்தியாயத்தை முதற்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். வல்ல அல்லாஹ் அதற்குத் துணை நிற்பானாக!